உயிரோடு இருப்பவருக்கு ஒரு கல்வெட்டு

படம் எடுக்கப்போகிறேன் என்று அந்தப் பிள்ளை முதன்முதலாக என் வாசலில் வந்து நின்றபோது நான் பயப்படவே இல்லை. பயந்திருக்க வேண்டிய நாள் அது. அன்றைக்குப் பார்த்து நான் சந்தோஷமாக இருந்தேன், தேத்தண்ணீர் ஊற்றினேன், ஒழுகும் கூரையைக்கூட மன்னித்தேன்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தவள். கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுத்துப் பிழைத்துக்கொண்டு, கூட்டாளிகள் நாலு பேருடன் சொந்தமாக ஒரு படம் செய்யத் திரிந்தாள்.

"சேர், பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த ஒராளின்ரை வாழ்க்கையைத்தான் எடுக்கப்போறன். நீங்கள் கேட்டாத்தான் அவர் ஓமெண்டுவாராம்."

யாரென்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். இரத்த உறவு கிடையாது. பலாலி வீதியிலிருந்து இறங்கும் ஓர் ஒழுங்கையில், தன் வீட்டின் பின்னறையில், சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு வைத்து, அவர் ஒலிப்பதிவுக் கூடம் நடத்தினார். மெட்டுப் போடுவதும் அவர், பாடகர்களைப் பிடித்து வருவதும் அவர், அறுந்த வயரை ஒட்டுவதும் அவர். நாதஸ்வரம் வேண்டுமென்றால் மெஷினைக் கட்டிக்கொண்டு அளவெட்டிக்குப் போய்க் கோயில் வீதியில் வைத்தே பதிந்து வருவார். அறைக்குள்ளே கொண்டு வந்தால் அந்த வாத்தியத்துக்கு மூச்சு முட்டும் என்பார். திருவிழாப் பாட்டுகள், பள்ளிக்கூடக் கீதங்கள் எல்லாம் செய்தார். ஆனால் அவரைத் தேடிக் கூடுதலாக வந்தவர்கள் செத்தவீட்டுக்காரர்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களின் கையில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். அதற்குக் கல்வெட்டு என்று பெயர். முகப்பில் இறந்தவரின் படம். பிறகு இறந்த திதியைச் சொல்லும் வெண்பா. பிறகு பிறந்த ஊர், வந்த வழி, குணம், கொடை. அதற்குப் பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல். கடைசியில் நன்றி. கவிஞன் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு இருபது வருடமாக நான் எழுதி வருவது இதைத்தான். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் புத்தகம் போதாது, பாட்டாகவும் வேண்டும் என்று கேட்கத் தொடங்கிய காலத்தில் அண்ணை என்னைக் கூப்பிட்டார். நான் புலம்பலை எழுத, அவர் மெட்டுக் கட்ட, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று யாரோ ஒரு பெண் யாரோ ஒருவருடைய மகளாக அழுவாள். அப்படி எத்தனையோ பேரை நாங்கள் இரண்டு பேரும் வழியனுப்பி வைத்தோம்.

ஒரு நாள் அண்ணை சொன்னார்: "நேத்து மனுசன் வந்தவர். தன்ரை பாட்டிலை வயலின் வேண்டாமாம்."

இறந்துபோன அந்த மனுசனுக்குத்தான் முந்தின நாள் பாட்டு எழுதியிருந்தோம். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு வருகிறவர்கள் கூடினார்கள். ஒருவருக்குத் தாளம் பிடிக்கவில்லை. ஒரு கிழவிக்குத் தன் பெயரை மகள் பாடிய விதம் பிடிக்கவில்லை. அண்ணை மெலிந்தார், குளிக்க மறந்தார், கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடிக்கு உள்ளே வெறுங் கதிரையோடு கதைத்தார். நான் பார்த்தேன். பார்த்தும் யாரிடமும் சொல்லவில்லை. வேலை நடந்துகொண்டிருந்தது, பாட்டுகளும் முன்னையைவிட நன்றாக வந்தன.

ஒரு பின்னேரம் என்னைக் கதிரையில் இருத்தி ஹெட்போனை மாட்டினார்.

"கேளும் ஐசே."

என் ஊர் வந்தது. என் தாய்வழி வந்தது. நான் இடையில் விட்ட படிப்பு, எனக்குப் பிள்ளை இல்லாதது, என் நடை, என் கோபம், எல்லாம் வந்தன. பின்னால் மூன்று பெண் குரல்கள். அவ்வளவு அழகான மெட்டை அவர் வேறு யாருக்கும் போட்டதில்லை. திதி வரவேண்டிய இடத்தில் மட்டும் சொல் இல்லை, அவருடைய முனகல் இருந்தது.

"திதி மட்டும் தெரியேல்லை. நீர் வந்து சொல்லுவீர் எண்டு விட்டு வைச்சிருக்கிறன்" என்றார், மிகவும் அன்பாக.

அன்றைக்கே அவருடைய மனைவி அந்த அறையைப் பூட்டினார். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். பிறகு ஆஸ்பத்திரி, தினமும் விழுங்கும் குளிசை, மாதத்துக்கு ஒரு கிளினிக். ஏழு வருடம் போய்விட்டது. இப்போது அண்ணை கிணற்று மோட்டர் திருத்துகிறார். காதை வைத்துக் கேட்டே எங்கே பழுது என்று சொல்வார். மானிப்பாயிலிருந்தெல்லாம் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அந்த வீட்டில் றேடியோ இல்லை. பாட்டு என்ற சொல்லையே அங்கே யாரும் எடுப்பதில்லை.

இந்த மனிதரைப் படமாக்கத்தான் அந்தப் பிள்ளை கேட்டாள். "முடிவிலை ஒரு உரை வரவேணும் சேர். அதை நீங்கள்தான் எழுதித் தரவேணும்" என்றும் சொன்னாள். அந்த ஒரு வசனத்தில் நான் விழுந்தேன். முப்பத்தோராம் நாளோடு குப்பைக்குப் போகாத ஒன்றை எழுதலாம் என்ற ஆசை. ஆசைக்குக் கண் தெரியவில்லை. அண்ணை வீட்டுக்குக் கேட்கப் போனேன்.

"தம்பி, உமக்கு விசரே?" என்றார் அக்கா. "மறந்திருக்கிற மனுசனை உலுப்பி எழுப்பவே வந்தனீர்?"

அண்ணை முற்றத்தில் ஒரு மோட்டரைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "எடுக்கட்டுமப்பா. ஆராம் நானா நடிக்கிறது? கொஞ்சம் வடிவான ஆளாப் பிடிக்கச் சொல்லும்."

அக்கா சிரிக்கவில்லை. என்னை ஒழுங்கை முகப்புவரை கொண்டுவந்து விட்டு, குரலைத் தணித்துச் சொன்னார்.

"டொக்டர் சொன்னவர், இன்னொருக்கா விழுந்தா எழுப்புறது கஷ்டமெண்டு. உமக்கு நினைவிருக்கட்டும். படம் உம்மடை. மனுசன் என்ரை."

அன்றிலிருந்துதான் பயம் தொடங்கியது. படப்பிடிப்பு நடந்த மாதங்களில் என் தொலைபேசி அதிரும்போதெல்லாம் அக்காவின் எண்ணா என்றுதான் முதலில் பார்த்தேன். அக்கா ஒவ்வொரு நாள் காலையிலும் தொலைபேசியில் எடுத்துச் சொல்வார். குளிசை போட்டார், சாப்பிட்டார், மோட்டர் ஒன்று வந்தது. இந்த மூன்று செய்தியையும் கேட்ட பிறகுதான் எனக்கு விடியும். அந்தப் பிள்ளை அனுப்பிய காட்சிகளை நான் முன்கூட்டியே பார்த்தேன். பூட்டிய அறைக்குள் ஒரு நடிகன் கதிரையோடு கதைக்கும் காட்சி வந்ததும் நிறுத்திவிட்டு, இதைத்தான் அண்ணையால் தாங்க முடியாது என்று நினைத்தேன். எடுத்துவிடு என்று கேட்டேன். "அது இல்லாமல் படம் இல்லை சேர்" என்றாள். அதைப் பற்றியே பயந்து பயந்து, நான் எழுதிக் கொடுத்ததைப் பற்றி ஒரு கணமும் யோசிக்கவில்லை.

படத்தின் முதல் திரையிடல் யாழ்ப்பாணத்தில், ஒரு மண்டபத்தில், காலை பத்தரைக்கு. அண்ணை இஸ்திரி போட்ட வெள்ளைச் சேர்ட்டோடு வந்தார். நடுவில் அவர், ஒரு பக்கம் அக்கா, மறுபக்கம் நான். விளக்குகளை அணைத்ததும் நான் திரையைப் பார்க்கவில்லை. அவருடைய கையைப் பார்த்தேன். முன்னே நோய் ஏறும் நாட்களில் அவருடைய வலது பெருவிரல் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எண்ணும்.

கை சும்மா கிடந்தது.

"உவன் என்ன, ஹெட்போனைத் தொப்பி மாதிரிப் போடுறான்" என்றார் அண்ணை என் காதுக்குள், தன்னை நடித்தவனைப் பார்த்து.

கதிரைக் காட்சி வந்தது. அக்கா சேலைத் தலைப்பை வாய்க்குள் வைத்திருந்தார். அண்ணை முன்னுக்குச் சரிந்து கவனமாகப் பார்த்தார், ஒரு மோட்டரைக் கேட்பதுபோல. "அவ்வளவு கத்தினனானே?" என்று அக்காவைக் கேட்டார். அக்கா தலையாட்டினார். "சத்தம் வெளியிலை வராதெண்டு நினைச்சன்" என்றார்.

பிறகு என் பாட்டுக் காட்சி. என்னை நடித்தவன் ஹெட்போனோடு அழுதான்.

"நீர் உப்பிடி அழேல்லையே. செருப்பையும் விட்டிட்டெல்லோ ஓடினனீர்!"

முன் வரிசையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்க்குமளவுக்கு அவர் சிரித்தார். தப்பிவிட்டோம் என்று நினைத்தேன். அக்காவும் சேலைத் தலைப்பை வாயிலிருந்து எடுத்தார்.

அப்போதுதான் என் உரை தொடங்கியது.

திரையில் அண்ணையின் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று, அசையாமல். நல்ல கனமான ஒரு குரல் நான் எழுதியதை வாசித்தது. வலிகாமத்தின் செம்மண்ணில் வந்துதித்த வரலாறு. தாய்வழி. தந்தைவழி. நாதமே மூச்சாக நடந்த நாட்கள். இல்லையென்று வந்தவர்க்கு இல்லையென்னாத கை. அதன் பிறகு, வரிசை தப்பாமல், கட்டிய துணைவி கலங்கிக் கூப்பிடுவதாக எட்டு அடி.

மூன்று காலைப்பொழுதுகளில் எழுதியது. மேசையில் எழுதும்போது அது எனக்கு ஒரு மனிதனின் வாழ்க்கையாகத்தான் தெரிந்தது. இருட்டில், இருநூறு பேருக்கு நடுவில், அந்தக் குரலில் கேட்டபோதுதான் விளங்கியது. நான் கல்வெட்டு எழுதியிருக்கிறேன். ஒருவரைப் பற்றி எழுது என்றால் என் கை போகிற பாதை அந்த ஒன்றுதான். இருபது வருடமாக அதே பாதையில் நடந்த மாடு. திதி வெண்பா ஒன்று மட்டும்தான் குறைவு.

சபைக்கு என்னைவிட விரைவாக விளங்கியது. இந்த ஊரில் யாருக்குத்தான் அந்த ஓசை தெரியாது? முன்னால் இருந்த பெண் மூக்கை உறிஞ்சினாள். யாரோ பெருமூச்சு விட்டார்கள். வாசிப்பு முடிந்தது. படம் மட்டும் திரையில் நின்றது, சத்தமில்லாமல், பத்து விநாடி. முன் வரிசையில், பார்த்தால் பழைய பள்ளிக்கூட அதிபர்போல இருந்த ஒருவர் மெதுவாக எழுந்து தலையைக் குனிந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். வரிசை வரிசையாக மண்டபம் முழுவதும் எழுந்தது. இங்கே ஒரு முகம் அப்படி நின்று, சத்தமும் நின்றால், நாங்கள் எழுந்து வணக்கம் செலுத்துவோம். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அண்ணையும் எழுந்தார்.

அக்கா அவருடைய சேர்ட்டைப் பிடித்து இழுத்தார். "இருங்கோப்பா. இருங்கோ."

"எல்லாரும் நிக்கினம்" என்றார் மெதுவாக. "நான் மட்டும் இருந்தா மரியாதையில்லை."

தன் படத்துக்கு முன்னால், கைகளை முன்னே கட்டி, தலையைக் குனிந்து நின்றார். நானும் நின்றேன். அவருடைய கையைப் பார்த்தேன். பெருவிரல் சுட்டுவிரலைத் தொட்டது. நடுவிரலைத் தொட்டது.

வாசலில் கைத்தடி ஊன்றிய ஒரு பெரியவர் அக்காவை மறித்தார். "எப்ப பிள்ளை நடந்தது? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

பக்கத்தில் நின்ற அண்ணைதான் சொன்னார்: "இன்னும் நடக்கேல்லை ஐயா. நடந்தா அறிவிக்கிறம்."

பெரியவர் அவரை உற்றுப் பார்த்துவிட்டுப் போனார். சுற்றி நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். அண்ணை சிரிக்கவில்லை.

அன்று மத்தியானம் அண்ணை சாப்பிடவில்லை. அடுத்த நாள் காலை அக்காவின் குரல் தொலைபேசியில் காய்ந்திருந்தது.

"வாய்க்குள்ளை ஏதோ சொல்லிக்கொண்டு திரியிறார் தம்பி. கிட்டப் போனா நிப்பாட்டுறார்."

"குளிசை?"

"போட்டவர். நான் வாயைத் திறக்கச் சொல்லிப் பாத்தனான்."

இரண்டாம் நாளும் அதுதான். மூன்றாம் நாள் நான் எழுதிய உரையைக் கிழித்தேன், கிழித்து என்ன. அது படத்தில் இருந்தது, இருநூறு பேரின் காதில் இருந்தது, அவருடைய காதில் இருந்தது. செத்தவர்கள் அவரிடம் திரும்பி வருவதற்கு நானே வழி வெட்டி, விளக்கும் வைத்துக் கொடுத்திருக்கிறேன். மேசையில் இருக்க முடியாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். நடந்துகொண்டே இருந்தபோதுதான் மறுபடியும் தொலைபேசி அதிர்ந்தது.

"அந்த அறையின்ரை திறப்பைக் கேக்கிறார். உடனை வாரும்."

அந்த அறைச் சாவி ஏழு வருடமாக அக்காவிடம்தான் இருந்தது. பலாலி வீதியில் மோட்டர் சைக்கிளை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. சந்தையடியில் ஒரு பஸ்காரன் என்னைத் திட்டியது மட்டும் நினைவிருக்கிறது.

அண்ணை பின்னறைக் கதவுக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தார். முகம் வழித்திருந்தார்.

"வாரும். அந்தப் பொம்பிளைப்பிள்ளைக்குச் சொல்லிப்போட்டன், மெஷினோடை வருகுது. படத்தின்ரை கடைசிக் கட்டத்தை நான் கதைக்கிறன். உம்மடை எழுத்து வேண்டாம்."

"ஓம் அண்ணை. எடுத்திடுவம். ஆனா நீங்கள் ஏன்..."

"நல்லா எழுதியிருக்கிறீர். அதுதான் பிரச்சினை. அதைக் கேக்க, முடிஞ்சுபோச்சு எண்டு எனக்கே சம்மதமாக் கிடந்தது. மூண்டு நாளாச் சொல்லிச் சொல்லிப் பாக்கிறன், என்ன கதைக்கிறதெண்டு."

"அதைத்தானே வாய்க்குள்ளை சொன்னனீங்கள்?" என்றார் அக்கா.

"வேறை என்ன?"

"என்னத்தைக் கதைக்கப்போறியள்?"

"காலமை எழும்பினா என்ன செய்யிறனெண்டு. மோட்டரைப் பற்றி. உம்மடை சண்டையைப் பற்றி."

"வெளியிலை இருந்து கதையுங்கோவன். முத்தத்திலை."

"முத்தத்திலை காகம் கத்தும். உதுக்குள்ளைதான் சத்தம் சரி வரும்."

அக்கா திறப்பை இரண்டு கையாலும் பொத்தி நெஞ்சோடு வைத்திருந்தார். ஏழு வருடமாக அந்தக் கேள்வியை அவர் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டார்.

"அந்தச் செத்தவை திரும்ப வந்தா?"

அண்ணை கதிரையை விட்டு எழுந்தார். "வந்தா உமக்குச் சொல்லுவன். அந்த நேரம் நான் உமக்குச் சொல்லேல்லை. இவருக்கு மட்டும் சொன்னன், இவர் சிரிச்சவர்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். திறப்பைக் கொடுத்தார்.

உள்ளே பல்லி எச்சமும் நனைந்த அட்டை மணமும். அந்தப் பிள்ளை தன் மடிக்கணினியையும் மைக்கையும் கொண்டுவந்து பூட்டினாள். அண்ணை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்க் கதவைச் சாத்தினார். அந்தக் கதவு சாத்தும்போது வரும் சத்தம் காற்றை யாரோ விழுங்குவது போன்றது. அவர் கதிரையில் இருந்தார். எதிரே இன்னொரு கதிரை காலியாகக் கிடந்தது. அவர் வாயைத் திறந்தார், மூடினார், எங்கள் பக்கம் பார்த்தார், எழுந்து வந்து கதவைத் திறந்தார்.

"உங்கள் ரெண்டு பேற்றை மூஞ்சியையும் பாக்கத்தான் எனக்குப் பயமாக் கிடக்கு. அங்காலை திரும்பி நில்லுங்கோ."

திரும்பினோம். எங்களுக்கு முன்னால் திறந்த வாசலும், மத்தியான வெயிலில் வெளிறிப்போன முற்றமும் இருந்தன. பின்னால் கதவு மறுபடியும் சாத்திக்கொண்டது. அந்தப் பிள்ளையின் காதில் ஹெட்போன்; எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் கதைக்கிறாரா, கேட்டுக்கொண்டிருக்கிறாரா, காலிக் கதிரை காலியாகத்தான் இருக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். நகம் இறங்கியது.

"திரும்பிப் பாக்கட்டே தம்பி?"

"வேண்டாம் அக்கா."

சொன்னேனே தவிர என் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. அதைப் பிடித்து வைத்திருப்பதே ஒரு வேலையாக இருந்தது. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. வேலியின் நிழல் கிணற்றுக் கட்டைத் தொட்டிருந்தது.

கதவு திறந்தது. அண்ணை சேர்ட் முதுகோடு ஒட்ட வந்து நின்றார். "முடிஞ்சுது" என்றார். அந்தப் பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா வந்திருக்கு அங்கிள்" என்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அக்காவுக்கு நேரே போனார்.

"வந்தவை" என்றார்.

"எத்தினை பேர்?" என்று கேட்டார் அக்கா. குரல் நடுங்கவே இல்லை.

"ரெண்டு பேர். முந்திமாதிரிக் கிட்ட வரேல்லை. கதவடியிலை நிண்டவை. கொஞ்சம் பொறுங்கோ, கதைச்சு முடிக்கிறன் எண்டிட்டுக் கதைச்சனான்."

அக்கா சேலைத் தலைப்பால் அவருடைய கழுத்தையும் காதுக்குப் பின்னாலும் துடைத்தார். குழந்தையைத் துடைப்பதுபோல அல்ல, மழையில் நனைந்து வந்த புருசனைத் துடைப்பதுபோலத்தான். "சொன்னீங்கள்தானே. அது போதும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கிளினிக்குக்கு இன்னும் ஒம்பது நாள் கிடக்கு. அதுவரைக்கும் வைச்சிருக்கேலாது. இண்டைக்கே டொக்டரைக் காணவேணும். ஓட்டோவுக்கு எடும் தம்பி."

நான் தொலைபேசியை எடுத்தேன். அண்ணை படியில் குந்திச் செருப்பைப் போட்டுக்கொண்டு, டொக்டரிடம் எதை முதலில் சொல்வது என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.